சாம்பிராணி படிந்த ஃபேன்

பத்து நாளாக என் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்ந்து, திடீர் திடீரென்று அணைந்துபோனது. மகள் கேம் ஏற்றியதால்தான் என்று அவளைத் திட்டித் தீர்த்திருந்தேன். இன்று பெட்டியைத் திறந்தேன். பிசுபிசுத்த தூசியிலிருந்து ஊதுபத்தி வாசனை வந்தது.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அம்மா மாணவர்களுக்கு ஆய்வேடு டைப் செய்து கொடுப்பாள். ஒரு கோடையில் அவளுடைய கம்ப்யூட்டரும் இப்படித்தான் படுத்தியது. பழுது பார்க்க வந்தவர் இரண்டு முறை ஃபார்மட் செய்துவிட்டு, "பென் டிரைவ்ல வைரஸ் வருதுங்க" என்றார். அதை நம்பி, பென் டிரைவோடு வந்த ஒரு மாணவியை வாசலோடு திருப்பி அனுப்பினாள் அம்மா. அப்புறமும் கம்ப்யூட்டர் அணைந்தது. அணைந்த நேரத்தையெல்லாம் தினசரி காலண்டர் தாளில் குறித்தாள். பெட்டி சூடேறும்போதுதான் அணைகிறது என்று கண்டுபிடித்து, ஸ்க்ரூ டிரைவரோடு தானே உட்கார்ந்தாள். உள்ளே ஃபேன் இறக்கைகளில் சாம்பிராணிப் புகை பிசினாகப் படிந்து, அதன்மேல் தூசி அப்பியிருந்தது. கம்ப்யூட்டர் நன்றாக ஓட வேண்டுமென்று வெள்ளிக்கிழமைதோறும் அதைச் சுற்றித் தூபம் காட்டியவள் அவளேதான்.

பிரஷ்ஷால் துடைத்ததும் அது சரியாகிவிட்டது. சத்தமில்லாமல் விட்டிருக்கலாம். அம்மா அந்த மாணவிக்குப் போன் போட்டாள்.

"உன் பென் டிரைவ் மேல பழி போட்டுட்டேன்மா. சாம்பிராணி போட்டு நானேதான் கெடுத்து வச்சிருக்கேன். நீ வா, முதல்ல உன்னோடத முடிச்சுத் தரேன்" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

இங்கே தினமும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றுபவன் நான். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, மகளின் அறைக் கதவைத் தட்டினேன்.