ஐந்நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவு

அப்பா இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒரே ஒரு கணக்கெடுப்பைப் பற்றித்தான்.

அவர் எங்கள் ஊர்த் தபால்காரர். மெயின் ரோட்டில் இறங்கும் தபால் பையை ஆறு கிலோமீட்டர் சைக்கிளில் கொண்டுவருவார். மழை பெய்தால் சட்டை நனையும், பை நனையாது. ஊருக்கு பஸ் கிடையாது. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும்; அதற்கு மேல் டவுன்தான். நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன்.

"பஸ் வந்தா போகட்டும். இல்லைன்னா தையல் கத்துக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த ஆறு கிலோமீட்டரும் ஆளில்லாத ரோடு. என்னைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ஐந்நூறு பேர் குடியிருக்கும் ஊருக்கு பஸ் விடுவார்களாம். எல்லா வாசலும் தெரிந்தவர் என்பதால், ஆட்களை எண்ணும் வேலை அப்பா தலையில் விழுந்தது.

நான்கு நாள் எண்ணினார். கூட்டினார். கீழிருந்து மேலாகத் திரும்பக் கூட்டினார். நானூற்று எண்பத்தெட்டு.

விஷயம் தெரிந்ததும் மளிகைக் கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏண்ணே, வெறும் பன்னெண்டு பேரு. எழுதினா பேனா தேஞ்சிடுமா?"

"தேயாது. ஆபீசர் வந்து அந்தப் பன்னெண்டு பேரு எங்கன்னு கேட்டா, உன் கடை மூட்டைக்குப் பின்னால தேடச் சொல்லவா?"

"உங்க பொண்ணுக்காகவாவது..."

"அவளுக்காகத்தாம்பா. பொய்யில வந்த பஸ்ஸு பாதி வருஷத்துல நின்னா, இவ படிப்பும் பாதியில நிக்கும்."

அன்று ராத்திரி அம்மா அப்பாவின் தட்டைச் சத்தமாக வைத்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

தாளை அனுப்ப ஒருநாள்தான் பாக்கி. மறுநாள் காலை என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தபால் கொடுக்கப் போனார். தையல்காரர் வீட்டு உள்ளறையில் ஒரு குழந்தை வீறிட்டது.

"அது யாரும்மா?"

"எம் பேத்திண்ணே" என்றாள் தையல்காரர் மனைவி. "மூணு மாசம்."

"அஞ்சு பேருன்னுதானே சொன்னே?"

"பஸ்ஸுக்குன்னுதானே கேட்டீங்க? மடியில உக்கார்ற புள்ளைக்கு யாரு டிக்கெட் எடுக்கப்போறா?"

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இருபது வருடமாக வாசலில் நின்றே கடிதம் கொடுத்த மனுஷன். எந்த உள்ளறையும் அவருக்குத் தெரியாது.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் மறுபடி போனோம். கேள்வியை மாற்றிவிட்டார்.

"பஸ்ஸ விடு. இந்தக் கூரைக்குக் கீழ எத்தனை உசுரு தூங்குது?"

"மாட்டையும் சேத்தா?" என்றார் ஒருவர்.

"அது ஒழுங்கா வரிசையில நிக்கும்னா சேத்துக்கறேன்."

கைக்குழந்தைகள் ஒன்பது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் நான்கு பேர். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும் என்று வீட்டார் விட்டுவிட்டவர்கள் இரண்டு பேர். ஐந்நூற்று மூன்று.

ஆபீசர் வந்து சரிபார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள்.

இப்போது சாலைத் திட்டங்களுக்கு மக்கள்தொகை மதிப்பிடுவதுதான் என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் உள்ளறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

அந்த வருஷம் பள்ளி திறந்த அன்று பஸ் வந்தது. அப்பா அதில் ஏறவில்லை. எனக்கு முன்பே சைக்கிளில் கிளம்பிவிட்டார். மெயின் ரோட்டில் பஸ் நின்றபோது, தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக என்னைத் தேடினார்.

"உக்கார எடம் கெடச்சுதா கண்ணு?"

"எங்கேப்பா? நின்னுக்கிட்டேதான் வந்தேன்."

"அவ்வளவு கூட்டமா!" என்றார்.

நான் பட்டம் வாங்கிய அன்றுகூட அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவில்லை.