தொடக்கூடாத மூன்றாவது பட்டன்

போன வைகாசியில் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. நானும் என் வீட்டுக்காரரும் வீடியோ எடுக்கப் போயிருந்தோம். அவருக்குக் கேமரா, எனக்கு ஸ்விட்சர். கேமரா, மைக், செல்போன் என்று எங்கிருந்து படமும் சத்தமும் வந்தாலும் என் மேசையில் இருக்கும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்து சேரும். எதை மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரைக்கு அனுப்புவது, எதை ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்பதெல்லாம் என் விரல் செய்கிற வேலை. "இதெல்லாம் பொம்பளையா பாக்குறது?" என்று எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நானும் சும்மா இருக்க மாட்டேன். "ஏன், பட்டன் ஆம்பள விரலுக்குத்தான் அமுங்குமா?" என்று கேட்டுவிடுவேன்.

அன்று காலையிலிருந்தே மண்டபத்தில் ஒரே முணுமுணுப்பு. குழந்தையின் தாய்மாமன் வரவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருக்காகத் தேதியையே தள்ளி வைத்திருக்கிறார்கள். மனுஷன் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். சீர்த்தட்டுகளை அவருடைய கூட்டாளிகள்தான் மேளத்தோடு தூக்கி வந்தார்கள். குழந்தையின் அம்மா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழந்தையின் அப்பா மட்டும் மெதுவாக என்னிடம் வந்தார். "மச்சான் வீடியோ கால்ல வாராப்ல. அவரு பங்ஷனப் பாக்கட்டும். ஆனா அவரு மூஞ்சி ஸ்கிரீன்ல வந்துறக் கூடாதுங்க. எம் பொண்டாட்டி ஆடித் தீத்துருவா" என்றார். லேப்டாப்பில் வந்த அந்த அழைப்பை மூன்றாவது பட்டனில் சேர்த்தேன். மண்டபத்துப் படமும் சத்தமும் அவருக்குப் போகும். அவருடைய முகம் என் முன்னால் இருக்கிற சின்னக் கட்டத்தோடு நின்றுவிடும்.

"மூணத் தொட்டுறாத, மூணத் தொட்டுறாத" என்று என் வீட்டுக்காரர் ஹெட்செட்டில் ஓதிக்கொண்டே இருந்தார்.

மொட்டை போட்டு முடித்து, ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் பிள்ளை வீல் என்று கத்தியது. அப்போதுதான் எதேச்சையாக அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்தேன்.

அடுக்குக் கட்டில்கள் போட்ட ஓர் அறை. புதுப் பட்டு வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதியோடு அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு தலையணை. அதற்குத் துண்டு போர்த்தி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். இங்கே பிள்ளை அழ அழ, அங்கே தலையணையைத் தட்டிக் கொடுக்கிறார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதே அவருக்குத் தெரியாது.

அட மனுஷா, இதை நான் பார்த்து என்ன ஆகப்போகிறது! பார்க்க வேண்டியவள் மேடையில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்கிறாள். இன்னும் ஒரு காதுதான் பாக்கி. அதையும் குத்திவிட்டால் அண்ணனுக்கும் தங்கைக்கும் இந்த நாள் கசப்பாகவே முடிந்துபோகும். சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று பேர் வாங்கினால் அந்த வட்டாரத்தில் அப்புறம் யார் எங்களைக் கூப்பிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. வந்தது வரட்டும் என்று மூன்றை அமுக்கிவிட்டேன்.

மண்டபமே திரையைப் பார்த்துத் திரும்பியது. "அடியே, என்னடி பண்ற?" என்று ஹெட்செட்டில் அலறல். பதற்றத்தில் நான் படத்தை மட்டும் அனுப்பியிருந்தேன். அவர் உதடு அசைகிறது, பேச்சு கேட்கவில்லை. "சத்தம் வரலம்மா!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தவும், சத்தத்தையும் திறந்துவிட்டேன்.

"அழுவாதடா தங்கம். மாமன் புடிச்சிருக்கேன்ல. இந்தா, முடிஞ்சுருச்சு" என்று ஸ்பீக்கர் முழுக்க அவர் குரல்.

குழந்தையின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது காதுக்குப் போன ஆசாரியைக் கையமர்த்திவிட்டு, மைக்கை வாங்கினாள்.

"அண்ணே, புள்ள அங்கிட்டு இல்ல. இங்கிட்டு இருக்கு" என்றாள். பாதி சிரிப்பு, பாதி அழுகை.

அவர் திடுக்கிட்டுத் தலையணையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மண்டபமே கொல்லென்று சிரித்தது.

"ஒளிக்காதண்ணே. எடுத்து மடியில வையி. ரெண்டாவது காது ஒன் மடியிலதான்."

மடியில் வைத்திருந்தவரைத் திரையைப் பார்த்து உட்காரச் சொன்னாள். நான் திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பிள்ளையையும் மறுபக்கம் மாமனையும் போட்டேன். பெண்கள் குலவை போட, இரண்டாவது காதும் குத்தியாயிற்று. பிள்ளை அதற்கும் அழுதான். மாமன்தான் இந்தத் தடவை சிரித்தார்.

கூட்டம் பந்திக்குக் கலைந்ததும் அந்தப் பெண் நேராக என் மேசைக்கு வந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக எழுந்து நின்றேன். "எங்க வீட்டுக்காரரு போடக் கூடாதுன்னு சொல்லியும் போட்டுட்டீங்கள்ல?" என்று முறைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கக்கா, மொதப் பந்தியிலயே சாப்புடுவோம். எங்கண்ணன் கொடுத்த சீரு வாழப்பழம் இருக்கு."

இப்போதெல்லாம் எந்த விழாவுக்குப் போனாலும், பெரிய திரையில் என்ன ஓடுகிறது என்பதைவிட, வர முடியாமல் போன யாராவது என் சின்னக் கட்டத்துக்குள் உட்கார்ந்து அழுகிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.