மஞ்சள் பூசிய கட்டை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெரிய கம்பனியில் வேலை செய்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சம். குசினியில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைக்கிற வேலைதான், ஆனாலும் கம்பனிச் சம்பளம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்களுக்குக் கிளிநொச்சிப் பக்கம் மேட்டுக்காணிதான் கிடைத்தது. குளத்துத் தண்ணீர் எட்டாது. மழையை நம்பி விதைத்த நெல் இரண்டு முறையும் கருகிவிட்டது. புது வாய்க்கால் வந்தால் இருப்பது, வராவிட்டால் திரும்பிப் போவது என்று என் கணவர் சொல்லிவிட்டார். அந்த வாய்க்கால் எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்லத்தான் அந்த வெளிநாட்டுக் கம்பனி வந்து, காட்டோரம் தகரக் கொட்டில் போட்டு வாடி அடித்திருந்தது.

கிணற்றடியில் பக்கத்துக் காணிக்காரி கேட்டார்.

"வாய்க்கால் வெட்டுறது உங்கட கம்பனிதானே?"

"இல்லையக்கா. அவை யோசனை மட்டும்தான் சொல்லுறவை."

"யோசனை சொல்லுறதுக்கு ஒரு கம்பனியோ? அப்ப என்ர மாமியை ஏன் சும்மா வீட்டில வைச்சிருக்கிறன்? நாளைக்குக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாடியில் நீட்டு மேசை ஒன்று. அதில் பெரிய கடதாசிகளை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரர் இருவரும் கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர்மாரும் அதைக் குனிந்து பார்த்து நாள் முழுக்க இங்கிலீசில் கதைப்பார்கள். பென்சிலால் கீறுவார்கள், அழிப்பார்கள். நான் தேத்தண்ணி வைப்பேன், கோப்பை எடுப்பேன், அழித்த தூளைக் கூட்டுவேன். தோட்டத்தில் நின்றால் பொழுதுபடக் கத்தரிக்காயாவது கடகத்தில் இருக்கும். அங்கே என்ன செய்து முடிந்தது என்று ஒருநாளும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வராது. போகப்போகக் கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஒருநாள் வாய்க்காலுக்கு அளந்து, எங்கள் காணி மூலையில் சிவப்புப் பெயின்ற் அடித்த கட்டை ஒன்றை அறைந்துவிட்டுப் போனார்கள். கணவர் அன்றே குளித்துவிட்டு வந்து, கட்டைக்கு மஞ்சள் பூசி, நூல் சுற்றி, அடியில் சாணிப் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தினார். வீடு கட்ட நிலையம் எடுத்து முதல் கட்டை அறையும்போது அப்படித்தானே செய்வோம். கட்டை வந்தால் வாய்க்காலும் வந்த மாதிரி என்றுதான் நானும் நினைத்தேன். அயலிலும் ஒவ்வொருவராக மஞ்சள் பூசினார்கள்.

மாரிக்கு முன்னம் ஒருநாள் காலை, அளவு வேலையாட்களை மேய்க்கிற ஓவசியர் ஐயா குசினி வாசலில் ஒரு சாக்கைக் கொட்டினார்.

"இந்தா தங்கச்சி, நல்லாக் காய்ஞ்ச விறகு."

எல்லாம் சிவப்புத் தலைக் கட்டைகள். சிலதில் மஞ்சள். ஒன்றில் எங்கள் வீட்டு நூல், என் கணவர் போட்ட முடிச்சோடு.

"இது எங்காலை வந்தது ஐயா?"

"மேட்டுப் பக்கத்தை விட்டாச்சு. வாய்க்கால் மற்றப் பக்கத்தால போகட்டும் எண்டு எழுதியனுப்பீட்டினம். வேண்டாத கட்டை நிண்டா அளக்கிறவைக்குக் குழப்பம், அதுதான் பிடுங்கினது." நூலைப் பார்த்துவிட்டு, "இதுகளுக்கு ஆரோ மஞ்சள் பூசி நூலும் கட்டியிருக்கினம்" என்று சிரித்தார். எங்கள் காணி எதுவென்று அவருக்குத் தெரியாது.

உள்ளே தேத்தண்ணி கேட்டார்கள். நூலைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு கட்டையை அடுப்பில் வைத்தேன். பெயின்ற் பொரிந்து மணத்தது. கண்ணீர் வரும் என்று நினைத்தேன், புகைக்குக்கூட வரவில்லை. கோப்பைகளைக் கொண்டுபோய் வைத்தேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது கணவர் காணி மூலையில், கட்டை நின்ற குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"கட்டையைக் காணேல்லை. வாடியில கண்டனியோ?"

நூலை எடுத்துக் கொடுத்தேன்.

"அடுப்பில வைச்சிட்டன்."

நூலைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி நல்லாக் கொதிச்சதோ?"

"ஓம்."

காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். அந்தப் போகம் அவர் விதைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வண்டி ஏறும் வரைக்கும் நான் கம்பனிக்குப் போய் அந்த மேசையைத் துடைத்தேன்.