நனைந்த பேன்ஜோ

வெள்ளம் வந்தபோது பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுப் பரணில் நானும் கணவரும் கைக்குழந்தையும் மாட்டிக்கொண்டோம். தகரக் கூரையில் மழை இரைந்தது. உதவிக்குக் கத்திக் கத்தி எங்கள் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் பரண் பலகையைத் தொட்டதும் அவர் தோல் போர்த்திய தம் தந்தி வாத்தியத்தை, அந்தப் பேன்ஜோவை, எடுத்து மீட்டினார். தொப் தொப்பென்றுதான் கேட்டது.

"ஈரத்துல தோலு தளந்துபோச்சு. இறுக்கினாத்தான் சத்தம் வெளிய போகும்," என்றார்.

குழந்தையின் காய்ந்த துணியால் நான் தோலைத் துடைத்தேன். அதை இழுத்துப் பிடித்திருந்த இரும்பு வளையத்தின் திருகாணிகளை அவர் ஒவ்வொன்றாக முறுக்கினார்.

"போதுங்க, கிழிஞ்சிடும்!"

"கிழியட்டும்."

மறுபடி மீட்டியபோது வெண்கலத்தில் அடித்ததுபோல் கணீரென்றது. விரலில் ரத்தம் வரும்வரை மீட்டினார். கடைசியில் ஒரு மலாய்க்காரர் சம்பான் படகில் வந்து, கூரைத் தகரத்தைப் பெயர்த்து எங்களை இறக்கினார்.

மேட்டில் விட்டதும், "எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?" என்று மலாயில் கேட்டேன்.

"என் தம்பியைத் தேடி. இந்தச் சத்தம் கேட்டுத் திரும்பினேன்," என்று சொல்லிவிட்டு, அவசரமாகத் துடுப்பு வலித்துப் போனார்.

தம்பி கிடைத்தாரா என்று கேட்க, வெள்ளம் வடிந்ததும் ஆற்றோரக் கம்பங்களில் கிராமம் கிராமமாக அலைந்தோம். பெயர்கூடக் கேட்டு வைக்காததால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிழைத்ததை நினைத்து என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடிந்ததே இல்லை.