புள்ளி போட்ட முட்டை ஓடு

பிள்ளையார்பாளையத்தில் நெய்து இறங்கும் முகூர்த்தப் புடவைகளில் பாதிக்கு எஸ்தர்தான் ஜாக்கெட் தைக்கிறாள். புருஷன் ஜோசுவா துபாயில் இருக்கிறான். புது அபார்ட்மென்டில் அவளுக்குத் துணையென்று இருந்தவை ஆறு பெட்டைக் காடைகள்தான். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கூண்டு. கை நீட்டினால் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பறவை வளர்க்கக் கூடாதென்று குடியிருப்போர் சங்கத்தில் விதி உண்டு. செயலாளர் வீட்டு நாய் விடிய விடியக் குரைக்க மட்டும் எந்த விதியும் கிடையாது. பெட்டைகள் சத்தம் போடாததால் இத்தனை நாள் கண்டும் காணாமலும் விட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் வெங்கடேசன் ஒரு பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே புள்ளி போட்ட முட்டை ஓடுகள்.

"நம்ம பிள்ளையார் கோயில் பின்னால கெடந்துச்சு. காடை முட்டைம்மா. கோயிலாண்ட கொட்டற அளவுக்கு ஆயிடுச்சா?"

எஸ்தர் எழுந்தாள். "என் வீட்டு ஓடு வெளியவே வராதுங்க. பொடிச்சு அதுங்க தீனியிலயே கலந்துடறேன்."

"அப்ப யாரு போட்டது? வேற யார் வீட்ல இருக்குது காடை முட்டை?"

யாரென்று எஸ்தருக்குத் தெரியும். எதிர் வரிசையில், மாமியார் மஹாலட்சுமியின் பக்கத்தில், ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள் கமலவேணி. ரத்தம் போதாது, முட்டை சாப்பிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வீட்டிலோ முட்டை என்ற பேச்சையே எடுக்க முடியாது, அப்படியொரு சைவம். எஸ்தர் அவித்துக் கொடுத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு போய், மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் தின்றுவந்தாள். பாவிப் பெண், ஓட்டைக் கொண்டுபோய்க் கோயில் பின்னாலா கொட்டுவாள்!

மஹாலட்சுமி மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். கமலவேணியின் முகம் வெளுத்துவிட்டது. மாமியாரின் பார்வை நகரவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் காடைகள் தப்பிக்கும். சொல்லாவிட்டால், வேதக்காரி வேண்டுமென்றே கோயிலை அசிங்கம் பண்ணினாள் என்று கட்டடமே பேசும். எஸ்தர் கமலவேணியின் வயிற்றைப் பார்த்தாள்.

"நான்தாங்க போட்டேன்," என்றாள். "ஏதோ அவசரத்துல, தெரியாம."

"தெரியாமலாம்!" என்றாள் மஹாலட்சுமி. பார்வை இப்போது எஸ்தர் மேல்.

"சாயங்காலத்துக்குள்ள கூண்டு வெளிய போவணும்," என்றார் வெங்கடேசன்.

தாமல் கிராமத்தில் எஸ்தரின் அக்கா வீடு இருந்தது; காடைகளை அங்கே விடலாம். கூண்டை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டும்போது கமலவேணி படியிறங்கி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, எஸ்தர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, நாளையிலேர்ந்து முட்டைக்கு நான் எங்கக்கா போவேன்?"

ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது எஸ்தருக்கு. "உன் மாமியாரைப் போய்க் கேளு," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கேட்டைத் தாண்டியதும் வந்த அழுகை தாமல் வரை நிற்கவில்லை.