சனிக்கிழமைக் குறைகள்

இணையப் பக்கம் கட்டப் பழகுகிறவர்கள் பாதி நேரம் கனவில் இருப்பார்கள், மீதி நேரம் விடுபட்ட ஒரு அரைப்புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இதை வாசித்துச் சிரிக்காமல் பெருமூச்சு விடுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் நீங்கள் எங்கள் கட்சி, வாருங்கள்.

நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெண். அப்பாவுக்குக் கடல் தொழில், எனக்கு லப்டொப். வகுப்பு, வாத்தியார் எதுவும் கிடையாது. பயிற்சிக்கென்றே மாதிரிப் படங்களை இலவசமாகத் தருகிற தளம் ஒன்று இருக்கிறது. படத்தைப் பார்த்து அதே மாதிரி ஒரு பக்கத்தைக் கட்டவேண்டும், கட்டியதை மற்றவர்களுக்குக் காட்டிக் குறை கேட்கவேண்டும். வீட்டில் இதற்கு ஒரு வருசம் தந்திருந்தார்கள். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் மாமாவின் புடவைக் கடையில் காசுமேசை. மாமா நல்லவர்தான், கடையும் நல்ல கடைதான். ஆனால் அந்த மேசையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

எந்த நீலம்?

முதல் பயிற்சி, காலநிலை காட்டுகிற பக்கம். மேலே ஒரு நீலப் பட்டை வரவேண்டும். தளம் தந்த நீலம் எனக்குப் பிடிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே கடல் கிடந்தது, அந்த நீலத்தையே எடுப்போம் என்று உட்கார்ந்தேன். அந்த நிறத்துக்குரிய இலக்கத்தைக் கணினியில் எழுதிவிட்டு நிமிர்ந்தால் ஒரு முகில் வந்து கடல் சாம்பலாகியிருக்கும். அதை மாற்றிவிட்டு நிமிர்ந்தால் வெயில் வந்து பச்சையாகியிருக்கும். கடைசியில் வேலையை மறந்து, கட்டியிருந்த வள்ளங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் கொஞ்சம் ஆடியிருப்பேன் போலிருக்கிறது. சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டுக் களைத்த அம்மா பின்னால் வந்து நின்றார்.

"கடலை வாசலிலை வைச்சுக்கொண்டு உதுக்குள்ளை என்னத்தைப் பிள்ளை தேடுறாய்?"

மெல்ல வரும் எழுத்து

சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் மூன்று பேர் யாழ்ப்பாண நகரில், கஜனின் சித்தப்பாவுடைய போன் கடை மேல்மாடியில் கூடுவோம். கஜன் சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவான். மற்றவள் அனுசியா, உடுப்பிட்டியிலிருந்து. ஒருவர் கட்டியதை மற்ற இருவரும் பார்த்துக் குறை சொல்லவேண்டும் என்பது ஒப்பந்தம். எங்கள் ஊர் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே குறை சொல்வது லேசான காரியமா? ஆள் படியிறங்கிய பிறகென்றால் எவ்வளவும் சொல்லுவோம். முதல் சில வாரங்கள் "நல்ல வடிவு" என்று மாறி மாறிச் சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அதை உடைத்தவன் கஜன்தான். நான் கவிதைகளுக்கென்று ஒரு பக்கம் கட்டியிருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் பனிக்குள்ளிருந்து வருவது மாதிரி மெல்ல மெல்லத் தெளிந்து வரும். பார்க்கப் பார்க்க எனக்கே கண் சொக்கியது. கஜன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். பையை எடுத்துத் தோளில் போட்டான்.

"வடிவுதான். ஆனா உம்மடை எழுத்து வந்து முடியிறதுக்குள்ளை என்ரை கடைசி பஸ் போயிடும்."

தெருத் திருத்தம்

இந்தப் படிப்பு தலைக்கேறிவிட்டால் எதைப் பார்த்தாலும் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் சைக்கிளில் போகிறேன், கடைகளின் பெயர்ப்பலகைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. இதற்கும் அதற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டால், அந்தச் சிவப்பைச் சற்றுத் தணித்தால் என்று மனதுக்குள்ளேயே தெருவைத் திருத்திக்கொண்டு மிதித்தேன். பாதித் தெரு திருந்தியபோது, நின்றுகொண்டிருந்த ஓட்டோவின் பின்பக்கத்தில் மோதினேன். ஓட்டோக்கார அண்ணை இறங்கி வந்து கீறலைத் தடவிப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த திசையையும் ஒருமுறை பார்த்தார்.

"தங்கச்சி, போர்டு ஓடிப்போகாது. ரோட்டைப் பாருங்கோ."

இன்னும் ஆறு பேர்

எனக்குத் தந்த வருசம் முடிகிற நேரத்தில், நகரில் ஒரு சின்ன நிறுவனம் பயிலுநர் ஒருவரை எடுப்பதாக அறிவித்தது. ஒரே ஒரு இடம். கஜனுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது, அதனால் நானும் அனுசியாவும் மட்டும் விண்ணப்பித்தோம். பரீட்சையாக மரண அறிவித்தல் பக்கம் ஒன்றைக் கட்டிக் கொடுக்கவேண்டும். சொந்தபந்தம் உலகமெல்லாம் சிதறிக் கிடக்கிற எங்களுக்கு, காலையில் கண் விழித்ததும் திறக்கிற பக்கம் அதுதானே.

சனிக்கிழமை அனுசியா தன்னுடையதைக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு அமைதியான பக்கம். படத்தைச் சுற்றித் தாராளமாக வெற்றிடம், கீழே மெல்லியதாக ஒரு கோடு. என்னுடையது அதற்குப் பக்கத்தில் நிற்காது. பக்கத்தை இன்னும் கீழே தள்ளிப் பார்த்தேன். சகோதரர், மைத்துனர், பெறாமக்கள் என்று நீளுகிற பெயர்கள் இடத்தைப் பிடிக்கின்றன என்று, நாலு பேரோடு வெட்டி, "இன்னும் ஆறு பேர்" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தாள், அழுத்தினால்தான் மீதிப் பெயர்கள் தெரியும். பயிற்சித் தளத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து பழகிய வித்தைதான். ஆனால் இங்கே அறிவித்தலில் ஒரு பெயர் விடுபட்டால் இரண்டு குடும்பம் ஆயுளுக்கும் கதைக்காது.

இது இப்படியே போனால் இடம் எனக்குத்தான். பேசாமல் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் அந்த நிறுவனத்துக்குப் போய், யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, பக்கத்தில் பூச்சாடியும் வைத்துவிட்டேன். அனுசியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி, சரியில்லையோ?" என்று கேட்டாள். அப்படிக் கேட்கிறவளிடம் எதை ஒளிப்பது? பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"உன்ரை பெரியம்மாவை 'இன்னும் ஆறு பேருக்குள்ளை' போட்டால், அவ செத்தவீட்டுக்கு வருவாவோடி?"

பஸ் நிலையத்திலிருந்து

அனுசியா அன்றைக்கே திருத்தினாள். பத்துப் பெயரும் ஒன்றையொன்று இடிக்காமல் அழகாக விரிந்து நின்றன. முடிவு சொல்கிற நாளில் நான் கடற்கரையில் போனைக் கையில் வைத்தபடி இருந்தேன். பொழுதுபடுகிற நேரத்தில்தான் அது அடித்தது. மறுபக்கம் ஹோர்ன் சத்தம், கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவுகிற சத்தம், நடுவில் அனுசியாவின் மூச்சு மட்டும். எனக்கு விளங்கிவிட்டது. அழுகை வந்தது, கோபம் வந்தது, அவளை நினைத்துச் சந்தோசமும் வந்தது. "கிடைச்சிட்டுதெல்லே?" என்று நானே கேட்டேன்.

"ஓமடி. உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல், வாற உடுப்பிட்டி பஸ் எல்லாத்தையும் விட்டிட்டு இஞ்சையே நிக்கிறன்."

அடுத்தவளின் பக்கத்தைத் திருத்திக் கொடுத்தால் இந்தத் தொழிலில் என்ன கிடைக்கும் என்று கேட்கிறவர்கள் மாமாவின் கடைக்கு வாருங்கள், காசுமேசையில்தான் இருக்கிறேன், நல்ல சாறியாகப் பார்த்து எடுத்துத் தருகிறேன்.