டாக்சி வேண்டாம் என்றேன்

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலையிலிருந்து செம்பவாங்கில் இருந்த அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். கைக்குழந்தைக்கு லேசான காய்ச்சல்.

“டாக்சி எடுங்களேன்,” என்றாள் மனைவி.

“பஸ்ஸே போதும்லா,” என்றேன் பிடிவாதமாக.

பாதி வழியில் குழந்தைக்குக் கண் செருகி உடல் விறைத்தது. பின் இருக்கையிலிருந்த மலாய்ப் பெண் எழுந்து வந்தார். தான் நர்ஸ் என்று சொல்லி, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தினார். ஓட்டுநர் எங்கும் நிற்காமல் மருத்துவமனைக்கே பஸ்ஸை விட்டார். பயணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை.

வாசலை அடையுமுன் குழந்தை வீறிட்டு அழுதது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

“டாக்சியில போயிருந்தா அந்த நர்ஸ் நம்மகூட இருந்திருக்க மாட்டாங்கல்ல,” என்றாள் மனைவி.

தவறு என்னுடையதுதான். இன்றுவரை அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.